ஓரக் குழிகள்

— அதெல்லாம் இருக்கட்டும். என் இடத்தை ரத்து பண்றதுக்கு நீ யாருடி?

— கத்தாதீங்க அத்தை. கையில ஊசி இருக்கு. ஆட்டாதீங்க.

— ஊசிதானே? ரெண்டு வருஷமா குத்திக் குத்தி சல்லடையாக்கி வெச்சிருக்காங்க. இது ஒண்ணு கழண்டா குடியா முழுகிடும்? நீ பேச்சை மாத்தாத. சனிக்கிழமை புது மருந்து ஆரம்பிக்கிறாங்க. அதுல என் பேரு இருக்கு. அந்த இடத்துக்கு எத்தனை பேரு தவம் கெடக்குறாங்கன்னு தெரியுமா உனக்கு?

— தெரியும் அத்தை. அந்த மருந்தைச் சோதிச்ச லேப்லதானே நான் வேலை பாக்குறேன்.

— அதான்டி கொடுமை! வேற எவளாவது வந்து சொல்லியிருந்தா ‘போடி வேலையைப் பாத்துக்கிட்டு’ன்னு அனுப்பியிருப்பேன். சொந்த மருமகளே வந்து நின்னு, ‘அந்த மருந்து உங்களுக்கு வேண்டாம்’னு சொன்னா நான் என்னன்னு எடுத்துக்குறது? சொத்துக்கு அடிபோடுறான்னு நெனைக்கலாம்னு பாத்தா, சொத்துன்னு ஒரு மண்ணும் இல்ல.

— உங்களுக்கு மட்டும் சொல்லல. உங்களை மாதிரி ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி ஊசி போட்டு, அப்புறமும் கட்டி திரும்பி வந்தவங்க யாருக்கும் இப்ப வேண்டாம்னு எழுதியிருக்கேன். இதோ, போன்லயே இருக்கு பாருங்க. மருந்துச் சோதனையைக் கண்காணிக்கிற கமிட்டிக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு லேப்லேருந்து ஓடி வந்தேன்.

— ஓடி வந்த லட்சணம்தான் தெரியுதே, கோட்டைக்கூடக் கழட்டாம. உக்காரு மொதல்ல. அந்த ஸ்டூலை இழு. பாத்து, அதுல ஒரு சக்கரம் சரியில்ல, போன வாரம் எதிர் நாற்காலிக்காரரோட தம்பியைக் கவுத்துடுச்சு. உக்காந்தாச்சா? என் பையனுக்கு இது தெரியுமா?

— இன்னும் சொல்லல.

— சொல்லாத. அவன் அழ ஆரம்பிச்சா, நான் நோயாளிங்கறதையே மறந்துட்டு அவனுக்குத் தண்ணி புடிச்சுக் குடுக்கணும். சரி, சொல்லு. பாமர பாஷையில சொல்லு. அன்னைக்கு உன் சிநேகிதிகிட்ட போன்ல பேசினியே, அந்த பாஷை வேண்டாம்.

— உங்க கட்டி என்ன தந்திரம் பண்ணுதுன்னு முன்னாடி சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும், உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு துண்டை வெளிய நீட்டிக் காட்டணும். எதிர்ப்புச் செல்லு வந்து பாத்துட்டு, கோளாறுன்னா ஆளையே காலி பண்ணிடும். ரயில்ல நான் டிக்கெட் செக் பண்ணின மாதிரி. என் கட்டி அந்தத் துண்டை வெளிய காட்டவே மாட்டேங்குது. காட்ட வைக்கிற ஜீனை அணைச்சுப் போட்டுடுச்சு. சரியா?

— சரி. அந்த ஜீன் கெட்டுப்போகல. எழுத்து மாறல. அது மேல சின்னச் சின்னதா ரசாயனம் ஒட்டிக்கிட்டு, அதைத் தூங்க வெச்சிருக்கு. புது மருந்து அந்த ஒட்டலைச் சுரண்டி எடுக்கும். ஜீன் முழிச்சுக்கும்.

— முழிச்சுக்கட்டுமே! அதுக்குத்தானே நான் நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன்! கழிவறைக்குள்ள தாழ் போட்டுக்கிட்டு ஒளிஞ்சவன் வெளிய வருவான், புடிக்கிறவன் புடிப்பான். இதுல உனக்கு எங்க நோகுது?

— அந்த மருந்து ஆள் பாத்துச் சுரண்டாது அத்தை. தூங்குற ஜீன் எதுவானாலும் எழுப்பிவிடும். அதுல வேற மாதிரி ஜீனும் இருக்கு. அது முழிச்சா, செல் மேல ஒரு புரதம் முளைக்கும். எதிர்ப்புச் செல் அதைத் தொட்டுப் பாத்துட்டு, ‘இவரு நம்மாளு’ன்னு விட்டுட்டுப் போயிடும்.

— பாஸ்!

— என்னது?

— ரயில்வே பாஸ்டி. ‘அதிகாரியோட மச்சான்’னு சொல்லி நீட்டுவானுங்க. வாயை மூடிட்டு அடுத்த சீட்டுக்குப் போகணும். ஆனா இரு. எனக்குப் போட்ட பழைய ஊசி அந்தப் பாஸைத்தானே செல்லாதுன்னு ஆக்குச்சு? நீதான் அன்னைக்குப் படம் போட்டுக் காமிச்ச.

— ஆமா. நல்லாவே வேலை செஞ்சுது. கட்டி பாதியா சுருங்குச்சு. நீங்க மாடிப்படி ஏறி வந்து என்னை வம்புக்கு இழுத்தீங்க.

— சமையல்ல உப்பு இல்லன்னு சொன்னா அது வம்பா?

— அத்தை, கேளுங்க. அப்புறம் உங்க கட்டி பழகிடுச்சு. அடி வாங்கி வாங்கித் தேறிடுச்சு. எந்த ஜீனை அணைச்சு வைக்கணும், எதை எப்பக் கூப்பிட்டாலும் எழுந்து வர்ற மாதிரி வெச்சுக்கணும்னு அதுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப ஒரு பாஸ் இல்ல, நாலஞ்சு தினுசு வெச்சிருக்கு. ஊசியே பாக்காத கட்டியில இந்தப் புது மருந்தைப் போட்டா, நாம எதிர்பாத்த ஜீன் அழகா முழிக்குது. ஊசி பாத்த கட்டியில போட்டா, அந்தப் பாஸ் ஜீனெல்லாம் முந்திக்கிட்டு எழுந்துடுது. எதிர்ப்புச் செல்லுங்க சுத்தி வந்து நிக்குது, சோர்ந்து போகுது, அப்படியே செத்துப்போகுது. கட்டி முன்னைவிட வேகமா வளருது.

— எங்க வளருது? யாரு உடம்புல?

— யார் உடம்புலயும் இன்னும் இல்ல. தட்டுல.

— தட்டுலயா! பிளாஸ்டிக் தட்டுல நடந்ததை வெச்சா என் உயிருக்குக் கோடு கிழிக்கிற?

— அதே பிளாஸ்டிக் தட்டுல நல்லா வேலை செஞ்சுதுன்னுதான், ஆளுங்களுக்குப் போட்டுப் பாக்குற இந்த ட்ரையலே வந்துச்சு. நல்ல சேதி வந்தா விஞ்ஞானம், கெட்ட சேதி வந்தா பிளாஸ்டிக்கா?

— வாயைப் பாரு. பொண்ணு பாக்க வந்தப்ப இது ஊமையோன்னு சந்தேகப்பட்டேன்.

— உங்க வீட்டுல வந்து கத்துக்கிட்டதுதான்.

— ஆங், பேசு பேசு. அப்ப ஒண்ணு கேக்குறேன். இவ்வளவு நாள் உன் கெட்ட சேதி எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு? மருந்து தயார், நாற்காலி தயார், நான் தயார். நாளன்னைக்கு ஊசின்னா இன்னைக்கு மத்தியானம் வந்து நிக்குற.

— ஒளியல. ஓரத்துல இருந்துச்சு. ஓரக் குழியில.

— புரியிற மாதிரி சொல்லு.

— அந்தத் தட்டு உள்ளங்கை அளவுதான் இருக்கும். வரிசை வரிசையா சின்னச் சின்னக் குழி. ஒவ்வொரு குழியிலயும் ஒருத்தரோட கட்டியிலேருந்து எடுத்த செல். மூடி, சூட்டுப் பெட்டிக்குள்ள வெச்சுடுவோம். ஓரத்துல இருக்கிற குழியில தண்ணி சீக்கிரம் காஞ்சிடும். காஞ்சா அளவு தப்பா வரும். அதனால ஓரக் குழியில என்ன வந்தாலும் கணக்குல எடுக்க மாட்டோம். எந்த லேப்லயும் அப்படித்தான். முக்காவாசி நேரம் ஓரத்துல வெறும் தண்ணிதான் ஊத்தி வைப்போம்.

— வெறும் தண்ணியில எப்படிச் சேதி வரும்?

— இடம் பத்தலைன்னா அங்கேயும் செல் போடுவோம். முதல் தடவை ஆபரேஷன் ஆகுறவங்க கட்டி, பெரிய துண்டா காலையிலயே வந்துடும். மடமடன்னு வேலையை முடிச்சு நடுக் குழியில போட்டுடுவோம். கட்டி திரும்பி வந்தவங்ககிட்ட அப்படிக் கெடைக்காது. உங்களுக்குப் பண்ணினாங்களே, அந்த மாதிரி ஊசியால குத்தி ஒரு நூல் அளவு எடுப்பாங்க. அதுலேருந்து நல்ல செல்லைப் பொறுக்கி எடுக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். அப்ப தட்டுல நடுவுல இடம் இருக்காது. தூக்கிப் போடவும் மனசு வராது. சரி, ஓரத்துல போட்டு வைப்போம்னு போட்டுடுவோம்.

— அப்புறம்?

— அப்புறம் ரிசல்ட் கணக்கு போடுறப்ப, கம்ப்யூட்டர் ஓரத்தைத் தானாவே தள்ளிட்டு மிச்சத்தைக் காட்டும். அப்படித்தான் அதுல அமைச்சு வெச்சிருக்கோம்.

— இரு. இரு. நிறுத்து. கட்டி திரும்பி வந்தவங்க எல்லாரும் ஓரத்துல.

— ஆமா.

— ஓரத்துல இருக்கிறதை எவனும் பாக்குறதில்ல.

— ஆமா அத்தை.

— ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. எப்பவுமே.

— எப்பவுமே. யாரும் வேணும்னு பண்ணல. கை பழகிப் போச்சு. நானும் போட்டிருக்கேன்.

— வேணும்னு பண்ணியிருந்தாகூட மன்னிச்சிருப்பேன்டி! அதுல ஒரு மரியாதையாவது இருக்கு, ஒரு பகையாளிக்குக் குடுக்கிற மரியாதை. நீங்க எங்களை ஓரங்கட்டினதே தெரியாம ஓரங்கட்டியிருக்கீங்க. அய்யோ, எனக்கு வர்ற கோவத்துக்கு! சிஸ்டர்! இந்த மெஷின் ஏன் கத்துது?

— நீங்க கையை மடக்கினதால கத்துது. நீட்டுங்க. ஆங், அவ்வளவுதான். ஒண்ணும் இல்ல சிஸ்டர், நிறுத்திட்டேன்.

— நீ எப்படிக் கண்டுபுடிச்ச?

— உங்களாலதான்.

— என்னாலயா? நான் என்ன பண்ணினேன்?

— உங்களுக்கு ட்ரையல்ல இடம் கெடைச்ச அன்னைக்கு நான் தலைகால் புரியாம இருந்தேன். லேப்ல எல்லாருக்கும் காபி வாங்கிக் குடுத்தேன். உங்களை மாதிரி ஆளுங்களோட செல்லுல மருந்து எவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்குன்னு பாத்துச் சந்தோஷப்படலாம்னு உக்காந்து தேடினேன். ஒருத்தர்கூட இல்ல அத்தை. நாங்க பெருமையடிச்சுக்கிட்ட அந்த முடிவுல, கட்டி திரும்பி வந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. அப்புறம்தான் ஓரத்தைத் திறந்து பாத்தேன்.

— காஞ்ச குழின்னா தப்பாத்தானே காட்டும்? அது காஞ்சதால வந்த கோளாறா இருக்கலாமே? நான் உனக்காகப் பேசல, என் இடத்துக்காகப் பேசுறேன்.

— நானும் அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஆனா அதே ஓரத்துல, தற்செயலா, முதல் தடவைக்காரங்க செல்லும் கொஞ்சம் இருந்துச்சு. அது நடுவுல இருக்கிறது மாதிரியே ஒழுங்கா இருந்துச்சு. ஓரம்தான் காரணம்னா அதுவும் கெட்டிருக்கணும் இல்லையா? சரின்னு, ஃப்ரீசர்ல மிச்சம் இருந்த உங்க ஜாதி செல்லையெல்லாம் எடுத்து நடுக் குழியில போட்டேன். அதே முடிவு. அழுதுட்டேன்.

— லேப்லயா?

— கை கழுவுற தொட்டிக்கிட்ட. குழாயைத் திறந்துவிட்டுட்டு.

— புத்திசாலி. நானும் வண்டியில அப்படித்தான் பண்ணுவேன். சரி, இந்த மருந்து வேண்டாம்னா வேற என்ன இருக்கு எனக்கு?

— இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பாஸ் ஜீனை எழுப்பிவிடுறது எதுன்னு தேடணும். அதைக் கட்டிப்போட்டுட்டு இந்த மருந்தைக் குடுத்தா வேலை செய்யலாம். தேட ஆரம்பிச்சாச்சு. மாசக்கணக்குல ஆகும்.

— என்கிட்ட மாசக்கணக்குல இருக்கா?

— தெரியாது அத்தை. பொய் சொல்ல மாட்டேன்.

— ஒரு தடவை சொன்னாத்தான் என்ன? எனக்குச் சாக இஷ்டமில்லடி. கொஞ்சம்கூட இஷ்டமில்ல. எல்லாரும் வந்து, ‘தைரியமா இருக்கீங்க, தைரியமா இருக்கீங்க’ன்னு முதுகைத் தட்டிட்டுப் போறாங்க. தைரியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பயத்துல தூக்கம் வரல எனக்கு. அந்தச் சனிக்கிழமையை நெனச்சுத்தான் சாப்பிட்டேன், அதை நெனச்சுத்தான் படுத்தேன். அதைப் போய் நீ...

— எனக்கும் நீங்க போறதுல இஷ்டமில்ல. அதனாலதான் இங்க வந்து திட்டு வாங்கிக்கிட்டு இருக்கேன். உங்களைப் புடிக்கலைன்னா, பேசாம அந்த ஊசியைப் போட விட்டிருப்பேன்.

— அது என்னமோ நியாயம்தான். ஏய், வாசலைப் பாரு. கண்ணைத் துடை. உங்க கண்ணாடிக்காரர் வர்றாரு.

— சாரா? சார் எதுக்கு இங்க வர்றாரு?

— வணக்கம்மா. எப்படி இருக்கீங்க? மன்னிக்கணும், சொல்லாம கொள்ளாம வந்துட்டேன். லிஃப்ட்டு வேலை செய்யல.

— வாங்க சார், வாங்க. லேப் தலைவரே நேர்ல வந்துட்டீங்க. படியேறினதுல வேர்த்து ஊத்துது உங்களுக்கு. அந்த நாற்காலியில உக்காருங்க, அந்தம்மா இப்பத்தான் வீட்டுக்குப் போனாங்க. காபி வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?

— வேண்டாம்மா, இப்ப எதுவும் எறங்காது. உங்க மருமககிட்ட நிதானமா ரெண்டு வார்த்தை பேசணும்னு வந்தேன். நீ காலையில எனக்கு அனுப்பினதைப் படிச்சேம்மா.

— படிச்சீங்களா சார்? நீங்க போனை எடுக்கலைன்னதும் படிக்கலையோன்னு நெனச்சேன்.

— ரெண்டு தடவை படிச்சேன். நிதானமா பேசுவோம். ஓரக் குழி, அவ்வளவுதானே? நான் படிக்கிற காலத்துலேருந்து ஓரக் குழியைத் தள்ளிட்டுத்தான் படிக்கிறோம்.

— நடுக் குழியிலயும் வந்துச்சு சார்.

— ஒரு தடவை.

— ஒரு தடவைக்குத்தான் செல் மிச்சம் இருந்துச்சு. நூல் அளவு துண்டுல வேற என்ன மிஞ்சும்?

— அதைத்தான் நானும் சொல்றேன். ஒரே ஒரு தடவை வந்ததை வெச்சுக்கிட்டு ஒரு ட்ரையலை நிறுத்துறது விஞ்ஞானம் இல்லம்மா, அவசரம்.

— நான் நிறுத்தச் சொல்லல சார். முதல் தடவைக்காரங்களுக்குத் தாராளமா நடக்கட்டும். மத்தவங்களுக்குப் பொறுங்கன்னுதான் எழுதியிருக்கேன். அவங்களுக்கு நல்லா வேலை செய்யுதுன்னு சொல்ல நம்மகிட்ட ஒரு குழிகூட இல்ல. ஒரு தடவையாவது கெட்டதுன்னு காட்டுறதுக்கு இருக்கு. ஒண்ணுமே இல்லாம ‘நல்லது’ன்னு சொல்றதுதான் சார் அவசரம்.

— கமிட்டி அவ்வளவு நிதானமா படிக்காது. முதல் பக்கத்தைப் பாத்துட்டு மொத்தமா இழுத்து மூடிடும். உனக்குத் தெரியாதது இல்ல. நீ இந்த லேபுக்கு வந்தப்ப அந்த ஜீனுக்குப் பேருகூட ஒழுங்கா இல்ல. கைக்குழந்தையோட நீ வந்து நின்னப்ப வேற யாரும் உன்னைச் சேத்துக்கல.

— மறக்கல சார். தூங்குற குழந்தையை உங்க ரூம்ல போட்டுட்டுத்தான் வேலை செஞ்சேன். நீங்க கதவை மெதுவா சாத்துவீங்க. எதையும் மறக்கல.

— அதுக்காக நான் ஒண்ணும் கேக்கல.

— கேக்குறீங்க சார். பரவாயில்ல, கேளுங்க. ஆனா முடியாது.

— அம்மா, நீங்களாவது சொல்லுங்க. உங்க இடம் பத்திரமா இருக்கு. அதுக்கு நான் பொறுப்பு. ஊசி போட்டப்புறமும் தினமும் ரத்தம் பாக்கச் சொல்றேன். ஏதாவது சின்னதா தப்பா தெரிஞ்சாலும் உடனே நிறுத்திடலாம். தனியா கவனிச்சுக்குவோம்.

— அதாவது, இவ வாயை மூடினா எனக்கு இடம்.

— நான் அப்படிச் சொல்லலம்மா.

— சொல்லாமலே நல்லா வெளங்குது சார். ஓடுற வண்டியில ஆளுங்க மிரட்டினது, கெஞ்சினது, குழைஞ்சது எல்லாம் கேட்டுக் கேட்டுக் காது காய்ச்சுப்போனவ நான். இதுக்குப் பேரு குழையிறது.

— அத்தை, பாத்துப் பேசுங்க.

— நீ சும்மா இரு. சார், கொஞ்ச நேரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நான் உங்க பக்கம்தான் நின்னிருப்பேன். இவளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். இப்பவும் உங்க மருந்து மேல ஆசை விடல எனக்கு. அந்த நாற்காலியில உக்காந்து கையை நீட்டணும்னு உடம்பு துடிக்குது. ஆனா எனக்கு அந்த இடம் வேண்டாம்.

— அம்மா, அவசரப்படாதீங்க.

— அவசரம்தான் சார், என் நெலமையில நிதானத்துக்கு எங்க போறது? என்னைப் பாத்துட்டு, ‘உனக்கு மருந்து இல்ல’ன்னு சொல்லுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏத்துக்குவேன். பாக்காமலே, ‘உனக்கு மருந்து இருக்கு’ன்னு சொல்லாதீங்க. கட்டி என்னைக் கொன்னா அது அதோட குணம். நீங்க பாக்காம விட்டதால நான் சாக மாட்டேன். சத்தியமா மாட்டேன்! அப்படி ஒரு சாவுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன்.

— அத்தை...

— அழாத. அவரு பாக்குறாரு. நீ அனுப்பு.

— ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்மா. சரி. அனுப்ப வேண்டாம்னு சொல்லல. உன் முடிவு சரியாவே இருக்கட்டும். திங்கக்கிழமை அனுப்பு. நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுறேன். கமிட்டி முன்னாடி உன் பக்கத்துல நின்னு, ஓரக் குழியைப் பத்தி நானே பேசுறேன். நாலே நாலு நாள் குடு.

— நீங்களே பேசுவீங்களா சார்?

— நானே பேசுறேன். நான் சொன்னா வேற மாதிரி கேப்பாங்க. மூட மாட்டாங்க. நீ கேட்ட மாதிரி, அவங்களை மட்டும் தள்ளி வெச்சுட்டு மிச்ச ட்ரையல் ஓடும்.

— என்ன சொல்றீங்க அத்தை?

— உன் தலைவர், உன் வேலை. எனக்கு என்ன தெரியும்? பெரிய மனுஷன் எறங்கி வர்றாரு. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே, நாலு நாள்ல யாருக்கு என்ன ஆயிடப்போகுது?

— சார், சனிக்கிழமை ஊசி போடுறவங்கள்ல, அத்தையைத் தவிர, கட்டி திரும்பி வந்தவங்க வேற யாராவது இருக்காங்களா?

— அது எதுக்கு இப்ப?

— இல்லன்னா திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன் சார். உங்களுக்காகப் பொறுக்கிறேன். எல்லாரும் முதல் தடவைக்காரங்கதானே?

— ஒருத்தர் இருக்காரு.

— அப்ப அவருக்கு முதல்ல சொல்லணும் சார். இன்னைக்கே.

— அவருக்கு எல்லாம் தெரியும். ஓரக் குழி தெரியும், நடுக் குழி தெரியும். நீ எழுதினதை வரி விடாம படிச்சிருக்காரு. தெரிஞ்சுதான் வர்றாரு.

— யாரு சார் அது? அவ்வளவு பெரிய வீரன்?

— நான்தாம்மா.

— என்ன சார் சொல்றீங்க?

— வேற ஊரு ஆஸ்பத்திரி வழியா பேரு குடுத்திருக்கேன். லேப்ல யாருக்கும் தெரியாது. பழைய ஊசி மழைக்காலத்துக்கு முன்னாடியே கைவிட்டுடுச்சு. கருத்தரங்குக்குப் போறேன் போறேன்னு சொல்லிட்டுப் போனதெல்லாம் அதுக்குத்தான்.

— கடவுளே. உக்காருங்க சார். எழுந்திரிக்காதீங்க.

— பரவாயில்லம்மா. நிக்க முடியுது. அந்த ஜீனை நான் எத்தனை வருஷமா முழிக்க வைக்கப் பாக்குறேன், தெரியுமா? என் உடம்புக்குள்ள அது தூங்குது. எழுப்புற மருந்து என் லேப்ல, என் கண்ணு முன்னாடி சோதிச்சது. ‘ஊசி போடாம உக்காந்திரு’ன்னு சொன்னா என்னால முடியல. நீங்க முடியும்னு சொல்றீங்க, உங்களுக்குக் கும்பிடு. எனக்கு அந்தத் திராணி இல்ல. உன் முடிவு தப்பா இருக்க ஒரு வழி இருக்குதான்னு காலையிலேருந்து தேடிட்டேன். இல்ல. இருந்தாலும் எனக்கு அந்த ஊசி வேணும். கேக்குறியாம்மா? உன் தலைவனா இதைக் கேக்கல. ஒரு நோயாளியா கேக்குறேன். சனிக்கிழமை மட்டும் தாண்டட்டும்.

— தலைவரா கேட்டிருந்தீங்கன்னா திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்திருப்பேன் சார். நோயாளியா கேட்டுட்டீங்க. அனுப்பிட்டேன்.